தண்ணீருக்கு வைத்தியம்

தொட்டி விளக்கைப் போட்டதும் தீனிக்கு ஓடிவருகிற கூட்டத்தில் ஒன்று குறைந்தால் கண் அதை உடனே சொல்லாது. ஏதோ சரியில்லை என்று முதலில் தோன்றும்; அப்புறம்தான் எண்ணத் தொடங்குவோம். கார்த்திகை அடைமழையில் இரண்டு நாளாக வெயிலையே பார்க்காத ஒரு காலையில் எனக்கு அப்படித் தோன்றியது. ஐந்து கறுப்பு மோலிகளில் நான்குதான் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்று, உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல முதுகுத் துடுப்பை மடக்கி உடம்போடு ஒட்டியிருந்தது. வெல்வெட் கறுப்பில் ஆறேழு இடத்தில் வெள்ளை ரவை.

ரவை என்று அளவுக்காகவும்தான் சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் அந்தப் புள்ளி மாவுபோலப் படிந்திருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனி மணியாக, தோலுக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கும். மீன் வளர்ப்பவர்கள் இதை ‘ஒயிட் ஸ்பாட்’ என்பார்கள். பெயரைச் சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கும்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறோம். மாட்டுக்கு என்றால் காதைப் பிடித்துச் சூடு பார்ப்பார்கள். மீனிடம் கைக்கு வேலையே இல்லை. தொட்டால் மேலே இருக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும். கிருமிக்கு எதிராக மீனுக்கு இருக்கும் முதல் மதில் அதுதான். ஆகவே எல்லாமே கண்ணால் நடக்கவேண்டும். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்றொரு பழைய நம்பிக்கை நம்மிடம் உண்டு. பார்த்தே காப்பவள் என்று மீனாட்சியின் பெயருக்குப் பொருள் சொல்வதும் அதை வைத்துத்தான். உண்மையில் முட்டையைக் காவல் காக்கும் ஏஞ்சல் மீன்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கின்றன. இருந்தாலும் நோய்ப்பட்ட மீனுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த நம்பிக்கை நினைவுக்கு வரும். பார்ப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லாத நேரம் இந்த வைத்தியத்தில் அவ்வளவு அதிகம்.

அந்தப் பார்வையில் தேர்ந்தவர்களைக் கவனித்திருக்கிறேன். மீனை நேராகப் பார்க்க மாட்டார்கள். கண்ணாடிக்கு ஓரமாக நின்று, தலையைச் சற்றே சாய்த்து, வெளிச்சம் உடம்பில் வழுக்கிப் போகிற கோணத்தில் பார்ப்பார்கள். நேர்ப் பார்வையில் தெரியாத மெல்லிய சாம்பல் படலம் அந்தக் கோணத்தில் தெரிந்துவிடும். பிறகு மேலே இருந்து ஒரு பார்வை: வயிறு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்று. செதில் அன்னாசிப்பழத்துத் தோல்போல விரிந்து நின்றால் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று பொருள்; அங்கிருந்து திரும்பிவரும் மீன்கள் குறைவு. அப்புறம் செவுள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை மூடித் திறக்கிறது என்று எண்ணவேண்டும். என் மோலி அன்று 130-ஐத் தாண்டியது. பக்கத்தில் இருந்த நல்ல மீன் 80-க்கும் 90-க்கும் நடுவில். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம். நல்ல நாளில் எண்ணி வைக்காதவருக்குக் கெட்ட நாளின் கணக்கு உதவாது.

பார்வை தவறுகிற இடமும் உண்டு. கோல்ட்ஃபிஷ் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள்மூடியிலும் முன் துடுப்பின் முன்விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாக முத்துகள் அரும்பும். மீசை முளைக்கிற மாதிரி. அதை ஒயிட் ஸ்பாட் என்று நினைத்து மருந்தூற்றி, காதலுக்குத் தயாராக இருந்தவனைப் படுக்கையில் தள்ளியவர்கள் பலர், அடியேனும் ஒருவன். வித்தியாசம் எளிது: முத்துகள் வரிசையாக, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நிற்கும். நோய்க்கு ஒழுங்கு கிடையாது.

மீனுக்கு வலிக்குமா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். 2003-ல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ராஸ்லின் ஆய்வகத்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வு செய்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. மற்ற மீன்களைவிட வெகுநேரம் தீனி தொடவில்லை. எங்கள் தொட்டிகளிலும் நோய் கண்ட மீன் சடாரென்று பக்கவாட்டில் சாய்ந்து கல்லில் உரசிவிட்டுப் போகும். அந்த உரசலைப் பார்த்த பிறகு கேள்வி கேட்கத் தோன்றாது.

சென்னையில் இருப்பவருக்கு இந்த மாதிரி நேரத்தில் போக ஓர் இடம் உண்டு: கொளத்தூர். வண்ணமீன் தொழில் குடும்பம் குடும்பமாக வேரூன்றிய பகுதி. சிமென்ட் தொட்டி, கண்ணாடித் தொட்டி, காற்று ஊதிக் கட்டிய பாலிதீன் பை, உயிர்ப்புழு விற்கிற தட்டு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெருக்கள். நான் போகும் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கைபேசியில் எடுத்த படத்தை நீட்டினேன். பார்க்கவில்லை.

“தண்ணி எப்ப மாத்துனீங்க சார்?”

“போன ஞாயிறு.”

“ஃபில்டர் பஞ்சு கழுவுனீங்களா?”

“கழுவினேன் அண்ணே. நல்லா, பைப்புத் தண்ணியில.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். “புதுசா மீன் விட்டீங்களா?”

இரண்டு வாரத்துக்கு முன் ஒன்றை வாங்கி நேராகத் தொட்டியில் விட்டிருந்தேன். அதுதான் இப்போது படுத்திருந்த ஐந்தாவது.

“மீனுக்கு ஒண்ணுமில்ல சார். தண்ணிக்குத்தான் ஒடம்பு சரியில்ல. மொதல்ல அதப் பாருங்க.”

இதைப் பெரியவர் தத்துவமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் குடித்தனம் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரினில் பஞ்சைப் பிழிந்தால் அது காலியாகிவிடலாம். பஞ்சை அலசவேண்டியது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான். இதில் ஊருக்கு ஊர் ஒரு சூட்சுமமும் உண்டு: தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நச்சாக வேலை செய்யும் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். காரத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரில் மீன் வளர்க்கும் நம்மவர்களுக்கு மன்னிப்பு குறைவு.

அம்மோனியாவில் சோர்ந்து, மழையில் தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கி, எதிர்ப்புச் சக்தி தளர்ந்த நேரத்தில் புது மீன் கொண்டுவந்த ஒட்டுண்ணி தலைதூக்கியிருக்கிறது. சென்னையில் ஹீட்டர் எதற்கு என்று ஜம்பமாக இருந்தவன் நான். அன்று ஒன்று வாங்கினேன்.

இனி அந்த ரவையைப் பற்றி. இந்த உயிரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பயம் போய் ஒருவித மரியாதை வந்துவிடும். அறிவியல் பெயர் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ். ‘பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்’ என்று தமிழாக்கலாம். பேன் இனமே இல்லை, ஒரே செல்லால் ஆனது. ஆனால் பிள்ளைக் கணக்கு பொய்யில்லை. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே சுழன்று தின்று பருக்கும். பருத்த பிறகு தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறி, தொட்டியின் அடியில் ஏதாவது ஒன்றில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இரண்டு, நான்கு, எட்டு என்று பிளந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டிக் குஞ்சுகள். கூடு உடைந்து நீந்தி வரும் குஞ்சுக்கு அவகாசம் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் சாவு.

மருந்து செல்லுபடியாவது அந்த ஒன்றிரண்டு நாளில் மட்டும். தோலுக்குள் இருக்கும்போது மீனே அதற்குக் கவசம். கூட்டுக்குள் இருக்கும்போது கூடு கவசம். நடுவில் வெட்டவெளியைக் கடக்கிற அந்தச் சிறு பொழுதில்தான் அடிக்கமுடியும். அதனால்தான் புள்ளிகள் மறைந்துவிட்டன என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் தோற்கிறார்கள். புள்ளி மறைந்தது என்றால் எதிரி பிள்ளை பெறப் போயிருக்கிறான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாடுகளில் இந்தச் சுற்று முடிய ஐந்து வாரம்கூட ஆகும். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே வைத்தியர் தண்ணீரைச் சூடாக்குகிறார். நோய்க்குச் சாதகமாகத் தோன்றுகிற காரியம். எதிரியை அவசரப்படுத்தி, கவசத்தைக் கழற்றவைத்து, சீக்கிரமாக வெட்டவெளிக்கு வரவழைக்கிறார். 30 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலும் அதன் பெருக்கமே தடுமாறிவிடுகிறது. சூட்டுக்கும் ஒரு விலை உண்டு: 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5தான். செவுளிலும் ரவை ஏறி மூச்சுவிடத் திணறுகிற மீனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஹீட்டர் போட்டால் காற்றுக்கல்லும் கூடுதலாகப் போடவேண்டும். அதுவும் மணிக்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் வேகம் கூடாது. பெரியவர் தெர்மாமீட்டரைப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டார். குழந்தைக்குக் குளிக்க ஊற்றும் தண்ணீரைப் பார்ப்பதுபோல மணிக்கட்டை உள்ளே விட்டு ஒரு கணம் நிற்பார். எண்ணைக் கை ஆமோதிக்கவேண்டும்.

அடுத்தது கல் உப்பு. அயோடின் சேர்க்காத, பழைய கல் உப்பு. கடைகளில் வண்ணப் புட்டிகளில் விற்கும் பலவற்றைவிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை. காரணம் தெரிந்து வேலை செய்யும் மருந்து. நன்னீர் மீனின் உடம்பு அது நீந்துகிற தண்ணீரைவிட உப்பானது. ஆகவே வெளித்தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே ஊறுகிறது, சிறுநீரகம் ஓயாமல் இறைத்து வெளியே கொட்டுகிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிறவனின் வாழ்க்கை. ஒட்டுண்ணி தோலில் போட்ட ஒவ்வொரு துளையும் படகில் இன்னொரு ஓட்டை. வெளியே கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் ஊறும் வேகம் குறைகிறது, இறைக்கிற கைக்கு ஓய்வு. நைட்ரைட் ஏறியிருக்கும் தொட்டியில் இன்னொரு உபகாரமும் உண்டு. செவுளில் நைட்ரைட்டும் உப்பிலுள்ள குளோரைடும் நுழைய ஒரே வாசல். குளோரைடு கூட்டம் சேர்த்து முந்திக்கொண்டால் நைட்ரைட் வெளியே நிற்கவேண்டியதுதான்.

என் தொட்டியில் செடிகளும் நத்தைகளும் இருந்தன; அவற்றுக்கு உப்பு ஆகாது. ஐந்து மோலிகளையும் வெளியே எடுத்தேன். மோலிக்கு உப்பு பழக்கப்பட்டது. கழிமுகத் தண்ணீரிலும் வாழக்கூடிய மீன். காலியான தொட்டியில் மிச்சமிருக்கும் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் ஆள் கிடைக்காமல் தாமாகவே சாகும்.

மருத்துவமனையாக வந்தது தெர்மாகோல் பெட்டி. வெளியூருக்கு மீன் அனுப்பப் பயன்படும் அதே வெள்ளைப் பெட்டி. பெரியவர் பரணிலிருந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தார். சூடு தங்கும், பக்கங்கள் மறைவாக இருப்பதால் மீன் மிரளாது, அடியில் கல் இல்லாததால் விழும் கழிவையும் கூடுகளையும் தினமும் டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய். 20 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு, மூன்று தவணையாக, ஒன்றரை நாளில். குளோரினை எடுக்கக் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று சிறு படிகங்களாகத் தருவார்கள். கறுப்பு-வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போ அதுவேதான், சோடியம் தயோசல்பேட். ஒரு காலத்தில் முகங்களைக் காப்பாற்றியது, இப்போது மீன்களை.

மீனைப் பெட்டிக்கு மாற்றுவதே ஒரு கலை. நான் வலையோடு தொட்டி முழுக்கத் துரத்துகிறவன். பெரியவர் தம் கடையில் செய்து காட்டினார்: ஒரு பெரிய டம்ளரை நீருக்குள் சாய்த்து வைத்துவிட்டு அசையாமல் இருந்தார். இன்னொரு கையின் ஒரு விரல் மட்டும் வெகுதொலைவில் லேசாக நகர்ந்தது. மீன் விரலைப் பார்த்து ஒதுங்கி, ஒதுங்கி, தானாகவே டம்ளருக்குள் போய் நின்றது. நிமிர்த்தி எடுத்தார். தண்ணீர் மாறியதே மீனுக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் எனக்கு ஒரு மீனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் வலையைத் தொடவில்லை.

மற்ற மருந்துகளையும் சொல்லவேண்டும் என்றால், மெத்திலீன் ப்ளூவுக்கு மட்டும் என்னிடம் தனி இடம் உண்டு. ஒரு சொட்டு விழுந்து தண்ணீரில் நீலப் புகையாக விரிகிற அழகுக்காகவே. ஹைன்ரிஷ் காரோ ஜெர்மனியில் இதைத் துணிச்சாயமாகத் தயாரித்தது 1876-ல். அதே 1876-ல்தான் பிரான்ஸில் ஃபூகே என்பவர் நம் மீன் பேனுக்குப் பெயரிட்டார். நோயும் நீலமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1891-ல் பால் எர்லிக் இந்தச் சாயத்தை மலேரியாவுக்கே கொடுத்துப் பார்த்தார். மீன்களில் பூஞ்சைக்கும் முட்டைகளைக் காக்கவும் நன்றாக உதவும். ஒயிட் ஸ்பாட்டுக்கு அவ்வளவு கூர்மை போதாது. பிரதானத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும், மூலையில் இருக்கும் சிலிக்கானையும் நீலமாக்கிவிடும். ஃபைட்டர் மீன்காரர்களுக்கு நாட்டுவாதுமை இலை போதும். பள்ளிக்கூட வாசலில் சிவந்து உதிரும் அதே இலைதான். காயவைத்துப் போட்டால் தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வரும், மீன் அதில் சாந்தமாக இருக்கும். குணமாக்குவதாகச் சிலர் சத்தியம் செய்வார்கள். நான் அதைப் படுக்கை விரிப்பாகத்தான் கருதுகிறேன், மருந்தாக அல்ல.

இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்கமுடிவதில்லை. எது வேலை செய்தது என்று அவர்களுக்கு ஒருநாளும் தெரியாது. எது கொன்றது என்றும் தெரியாது.

தோற்கிற நேரத்துக்கும் ஒரு நாகரிகம் இருக்கிறது. செதில் விரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பல நாளாக எழாத மீனைக் கழிவறையில் விடுவது கேவலம். பல்வலிக்கு வைக்கிற கிராம்பு எண்ணெய்தான் மீனுக்கு மயக்க மருந்து. சில சொட்டை வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முதலில் தூங்கும். அளவு கூடினால் எழாது. மயக்கத்துக்குப் பின் எழுவதும் உண்டு: 2014-ல் மெல்பர்னில் ஜார்ஜ் என்ற கோல்ட்ஃபிஷ்ஷின் தலையில் வளர்ந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். மயக்கத் தண்ணீரை வாய்க்குள் குழாய்வழியே ஓடவிட்டு, செவுள் காயாமல், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். மேசைமேல் கிடக்கிற மீனுக்கும் தண்ணீர்தான் மூச்சு, தண்ணீர்தான் மருந்து.

என் பெட்டிக்கு அந்த நிலை வரவில்லை. மூன்றாம் நாள் புள்ளிகள் கூடின. பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஐந்தாம் நாள் உதிர்ந்தன. ஏழாம் நாள் ஐந்தாவது மோலி துடுப்பை விரித்தது. நனைந்த குடையை ஒருவர் மெதுவாகத் திறப்பதுபோல. செவுள் 95-க்கு இறங்கியது. உப்பையும் சூட்டையும் நிறுத்தவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் வயிறு நாளுக்கு நாள் பருத்தது. தினமும் காலையில் டார்ச் அடித்து மேலிருந்து பார்ப்பேன். செதில்கள் படிந்தேதான் இருந்தன. தீனி அளவைப் பாதியாக்கினேன். மலச்சிக்கலோ என்று வேகவைத்த பச்சைப்பட்டாணியைத் தோலுரித்து நசுக்கிப் போட்டேன். தின்றது. வயிறு குறையவில்லை.

பதினோராம் நாள் காலை பெட்டியின் மூடியைத் திறந்தபோது அடியில் சிறுசிறு கறுப்புத் தூசி. வழக்கம்போல டியூபை வாயில் வைத்து உறிஞ்சப் போனேன். தூசி விலகிப் போனது. டியூபை எடுத்துவிட்டு, பெரியவரைப்போலத் தலையைச் சாய்த்து, ஓரத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண். பி.வி.சி. குழாய்க்குள் ஒரு கூட்டம், மூலையில் ஒரு கூட்டம். மோலி முட்டையிடாது, குட்டிதான் போடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு முழுக்கக் கறுப்பாக இருக்கிற மீனில் சினைப்புள்ளி தெரியாதே. பத்து நாளாக வெள்ளைப் புள்ளிகளையே எண்ணிக்கொண்டிருந்த கண்ணுக்கு இது தோன்றவே இல்லை.

பதினேழு என்று எண்ணினேன். சரிபார்க்க மறுபடி எண்ணத் தொடங்குவதற்குள் தாய் திரும்பி ஒன்றை விழுங்கிவிட்டது. டம்ளரைத் தேடி ஓடினேன்.